ஏரிக்கரை மயானத்தின் முதல் ஆள்

ஹைதராபாத்தின் போலாரத்தில் ஒரு தமிழர் வீட்டில் யாராவது கண்ணை மூடினால், டாக்டருக்கு அடுத்தபடி போன் போவது சந்திரசேகரனுக்குத்தான். சில வீடுகளில் டாக்டரையே அவர்தான் கூப்பிட வேண்டியிருக்கும். பாலாநகரில் விமானங்களுக்கு மின்னணுக் கருவி செய்யும் தொழிற்சாலையில், தரச் சோதனைப் பிரிவில், தலை நரைக்கும்வரை குப்பை கொட்டியவர். அங்கே என்ன வேலை பார்த்தார் என்று ஊரில் ஒருவரும் கேட்டதில்லை. ஊருக்கு அவர் பாடை கட்டத் தெரிந்த மனிதர். நெருப்புச் சட்டியை யார் தூக்குவது என்று பங்காளிகளுக்குள் அடிதடி வராமல் பார்த்துக்கொள்ளத் தெரிந்த மனிதர். எல்லாரும் அழுதுகொண்டிருக்கும் வீட்டில் அழாமல் நடமாடத் தெரிந்த ஒரே மனிதர்.

அதனாலேயே கல்யாண வீடுகளில் அவர் நுழைந்தால் சிலர் மெல்ல நகர்ந்துகொள்வார்கள். பந்தியில் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் யாரும் அவ்வளவு சீக்கிரம் உட்கார மாட்டார்கள். அவர் மனைவி சகுந்தலாவுக்கு அதைக் கண்டால் சிரிப்பு வரும். "நமக்குன்னா எடம் தாராளமா கெடைக்குது. கைய நீட்டி மடக்கிச் சாப்பிடுங்க" என்பாள்.

குடியாத்தத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள் சகுந்தலா. எதற்கும் அசராதவள். பாம்பைப் பார்த்தால் துடைப்பத்தை எடுப்பாள். ஆபீசரைப் பார்த்தாலும் அப்படித்தான். ஆனால் மூடிய கதவு என்றால் மட்டும் அவளுக்கு உயிரே போய்விடும். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துச் சாமான் அறைக்குள் அவள் இருப்பது தெரியாமல் யாரோ பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றைக்குப் பிடித்த பயம் விடவில்லை. குளியலறையில் தாழ்ப்பாள் போட மாட்டாள். கொண்டாப்பூரில் மகள் அனுபமாவின் வீடு எட்டாவது மாடியில். லிப்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கி, முழங்காலைத் திட்டிக்கொண்டே ஏறுவாள். கழுத்து வலிக்கு ஸ்கேன் எடுக்கச் சொன்னபோது, அந்தக் குழாய்க்குள் பாதி போனவள் கையையும் காலையும் உதறி வெளியே வந்துவிட்டாள். "கழுத்து வலியோடயே இருந்துட்டுப் போறன்" என்று வீட்டுக்கு நடந்தாள். சந்திரசேகரன் அவளை இதற்காகக் கேலி செய்ததே இல்லை. அவரைப் பற்றிச் சொல்ல வேண்டிய நல்ல விஷயங்களில் இதுவும் ஒன்று.

இனி மயானம். பட்டாளத்தோடு வந்த தமிழர்களுக்கும், பட்டாளத்துக்குப் பாலும் செங்கல்லும் கொடுத்த கான்டிராக்டர்களுக்கும் வெள்ளைக்காரன் காலத்தில் ஏரிக்கரையில் ஒதுக்கிய நிலம் அது. வேலூர், ஆரணி, வாலாஜா என்று ஊர்ப்பெயர் வெட்டிய கல்லறைக் கற்கள் புங்க மரங்களுக்கடியில் சாய்ந்து கிடக்கும். அவ்வளவு பழைய தமிழ் எழுத்தை ஹைதராபாத்தில் வேறெங்கும் இவ்வளவு கும்பலாகப் பார்க்க முடியாது. வாசலில் அரிச்சந்திரன் கல். அங்கே பாடையை இறக்கி, திசை திருப்பி, பிறகுதான் உள்ளே எடுத்துப் போவார்கள். சந்திரசேகரனின் அப்பா, அம்மா இருவரும் அங்கேதான் எரிந்தார்கள். இரண்டு பேருக்கும் ஓரமாக ஒரு கல் நட்டிருக்கிறார்.

ஏரியைச் சுற்றி அடுக்குமாடிகள் எழும்பின. ஏரி தெரியும் என்று சொல்லி விற்றவர்கள், ஏரிக்கு முன்னால் என்ன தெரியும் என்று சொல்லவில்லை. குடிவந்தவர்கள் பால்கனியில் நின்று சிதைப் புகையைப் படமெடுத்து அனுப்பினார்கள். புகார்மேல் புகார் போனது. கடைசியில் அதிகாரிகள் வந்து முடிவாகச் சொன்னார்கள்: விறகை நிறுத்திவிட்டு எரிவாயு உலைக்கு மாறுங்கள், இல்லையென்றால் மயானத்தை மூடி, ஏரிக்கரை முழுவதையும் நடைபாதைப் பூங்காவாக்கிவிடுவோம். பூங்காவில் கல்லறைக் கற்களுக்கு என்ன வேலை? அதை அவர்கள் சொல்லவில்லை, கேட்கவும் யாருக்கும் தைரியம் வரவில்லை.

மயானக் கமிட்டிக்குச் செயலாளர் சந்திரசேகரன். முதலில் அவருக்கும் ஆத்திரம்தான் வந்தது. நேற்று வந்தவன் நம்மை எழுந்து போகச் சொல்வதா என்று அவரும் குதித்தார். பேசித் தீர்க்கலாம் என்று எதிர்க் கட்டடத்துக்குப் போனார். மூன்றாவது மாடியில் ரோஸ்லின் என்று நாகர்கோவில் பெண், ஆஸ்பத்திரியில் நர்ஸ். தமிழ்க் குரல் கேட்டதும் உட்காரவைத்துக் காபி கொடுத்தாள்.

"நீங்க சடங்கு செய்யக்கூடாதுன்னு நாங்க சொல்லல சார். பிள்ளைக்கு மூச்சிரைப்பு. ஜன்னலைத் தொறக்க முடியல, அம்புட்டுத்தான்" என்றாள். அவள் பையன் நெபுலைசர் மாஸ்க்கை முகத்தில் வைத்துக்கொண்டு கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தான். ஜன்னல் விளிம்பில் கரி படிந்திருந்தது. சந்திரசேகரன் விரலால் தொட்டுப் பார்த்தார். போன வாரம் எரிந்தவர் அவருக்குத் தெரிந்தவர். விரலைத் துடைக்கவும் மனசு வரவில்லை, துடைக்காமல் காபியை எடுக்கவும் மனசு வரவில்லை.

அன்றிலிருந்து அவர் மாறிவிட்டார். தான் ஏற்பாடு செய்த சாவுகளுக்கு வந்த விறகு லாரிகளை எண்ணிப் பார்த்தார்; ஒரு காட்டையே எரித்திருக்கிறோம் என்று தோன்றியது. இடம் இருந்தால்தான் சடங்கு, விறகைப் பிடித்துக்கொண்டு நின்றால் இடமே போய்விடும் என்று வீடு வீடாகச் சொன்னார். ஆனால் பெரியவர்கள் மசியவில்லை. தமிழ்ச் சங்கக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். அத்தனை பேச்சும் ஒரே கேள்வியில் வந்து முட்டிக்கொண்டு நின்றது: எல்லாம் சரி, அந்த இரும்புப் பெட்டிக்குள் முதலில் யார் வீட்டுப் பிணம் போவது?

சந்திரசேகரன் பொறுமை இழந்து, "நானே மொத ஆளா போறன், போதுமா?" என்றார்.

கூடம் கொல்லென்று சிரித்தது. சிரித்த வேகத்தில் கைகளும் தூக்கப்பட்டன, தீர்மானம் நிறைவேறியது. பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்த சகுந்தலா சிரிக்கவில்லை. ஊர் கூடிய இடத்தில் சாவை வாய்விட்டு அழைத்த மனிதனை வேறு எந்தப் பெண்டாட்டி பார்த்துச் சிரிப்பாள்?

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டாள். "உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா? ஊர்ல இருக்கறவங்க சாவ எல்லாம் பாத்துப் பாத்து உங்களுக்கு வெளயாட்டாப் பூடுச்சி."

"கூட்டத்துல ஒரு பேச்சுக்குச் சொன்னது சகுந்தலா."

"நீங்க எதுல வேணா போங்க. எனக்கு மட்டும் அது வேணாம்." திறந்து கிடந்த வாசல் கதவைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "உள்ள தள்ளிட்டுக் கதவச் சாத்துவாங்க இல்ல?"

"செத்ததுக்கு அப்புறம் இன்னா தெரியப் போவுது?"

"அப்பத் தெரியாது. இப்பத் தெரியுதே. நெனச்சாலே மூச்சு முட்டுது. எங்கயாவது விறகு இருக்கற எடமாப் பாத்து, வெட்டவெளியில, மரத்தடியில வைங்க. அது போதும்."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "சரி. வெளியதான் வெப்பன். சத்தியமா" என்றார். சனிக்கிழமை என்பதால் வீட்டுக்கு வந்திருந்த அனுபமா சோபாவில் லேப்டாப்போடு உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். "மம்மி, வேற டாபிக்கே இல்லியா?" என்றாள்.

உலை வந்தது. விறகு மேடையை இடித்துவிட்டுத்தான் உலைக்கு அனுமதி என்பதால் மேடை போனது. தகரக் கூரை, வெள்ளை ஓடு பதித்த தரை, உயரமான புகைபோக்கி. சந்திரசேகரன் தொழிற்சாலைப் புத்தியோடு ஒவ்வொரு குழாயையும் தட்டிப் பார்த்தார். கதவு சரியாக மூடாவிட்டால் தீ பற்றவே கூடாது என்று உலைக் கம்பெனிக்காரனிடம் மல்லுக்கட்டி, அதற்கென்று தனியாக ஒரு சுவிட்ச் வைக்கச் செய்தார். இயக்குவதற்கு மாதவ் என்ற தெலுங்குப் பையனைச் சேர்த்தார்கள். தமிழும் ஹைதராபாத் உருதுவான தக்கனியும் கலந்து கட்டிப் பேசுவான். எல்லாம் தயார்.

ஆனால் யாரும் வரவில்லை. கை தூக்கியவர்கள் எல்லாம், தங்கள் வீட்டில் சாவு விழுந்ததும், சத்தமில்லாமல் வண்டி பிடித்து ஊரின் அந்தக் கோடியில் விறகு கிடைக்கும் வேறு மயானத்துக்குப் போனார்கள். கேட்டால், "மொத ஆள் நீங்கதானே, உங்கள முந்திக்கினு நாங்க எப்படிப் போறது?" என்றார்கள். கமிட்டியில் அவருக்கு அடுத்தபடி இருந்த தியாகு டீக்கடையில் பார்க்கும்போதெல்லாம், "அண்ணா, உடம்பு எப்படி இருக்குது?" என்று கேட்பான், பெஞ்சு முழுக்கச் சிரிக்கும். சந்திரசேகரனும் சிரித்தார். ஒரு தடவை அவருக்குக் காய்ச்சல் வந்தபோது விசாரித்து வந்த போன்களில் கொஞ்சம் அதிகப்படியான அக்கறை தெரிந்தது.

அதிகாரிகள் மறுபடி வந்தார்கள். உலை துருப்பிடித்துக் கிடக்கிறது, ஒருவரும் பயன்படுத்தாத மயானம் எதற்கு என்றார்கள். மழைக்காலத்துக்குள் உலை எரியத் தொடங்காவிட்டால் பூங்கா வேலை ஆரம்பம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கற்களுக்கெல்லாம் சிவப்புப் பெயிண்டால் குறி போட்டுவிட்டும் போனார்கள்.

வெயில் கொளுத்திய ஒரு காலையில், காபி டம்ளரைக் கழுவப் போட்டுவிட்டு, "நெஞ்சு என்னமோ பண்ணுதுங்க" என்று சகுந்தலா நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் தண்ணீர் கொண்டு வருவதற்குள் போய்விட்டாள். சமையல்கட்டுக் கதவும் வாசல் கதவும் வழக்கம்போலத் திறந்தே கிடந்தன.

சந்திரசேகரன் போனைக் கையில் எடுத்தார். சாவு என்றால் யாருக்குப் போன் போடுவது? போலாரத்தில் எல்லாருக்கும் அது தெரியும். அவர் ஒருவருக்குத்தான் அன்றைக்குத் தெரியவில்லை.

எப்படியோ சேதி பரவி, வீடு நிரம்பியது. தியாகு வந்து எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொண்டு, எல்லாவற்றையும் தப்பாகச் செய்தான். மூங்கிலைக் குட்டையாக வெட்டினான். பூ வாங்கப் போனவனை ஐஸ் வாங்க அனுப்பினான். சந்திரசேகரன் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். அனுபமா கொண்டாப்பூரிலிருந்து அழுது வீங்கிய முகத்தோடு வந்து சேர்ந்தாள். வரும் வழியிலேயே பாதி வேலையை முடித்திருந்தாள்.

"அப்பா, அந்தக் கோடி மயானத்துல பேசிட்டேன். விறகு ரெடி. வெளியில மரம்கூட இருக்காம். வண்டி வந்துட்டிருக்கு."

சந்திரசேகரன் தலையாட்டினார். அவள் உள்ளே போனதும் தியாகு பக்கத்தில் வந்து குந்தினான். இந்தத் தடவை அவன் குரலில் கேலி இல்லை. நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் பேசினான்.

"அண்ணா, நான் சொல்லக்கூடாது. நீங்களே அண்ணிய வேற எடத்துக்குத் தூக்கிக்கினு போனா, அப்புறம் அந்த உலைக்கு ஒருத்தனும் வர மாட்டான். மழைக்கு முன்னால எல்லாத்தையும் வழிச்சு எடுத்துடுவாங்க. உங்க அப்பா கல்லு, எங்க தாத்தா கல்லு, எல்லாந்தான். உங்க இஷ்டம் அண்ணா. இன்னா சொன்னாலும் செய்யறன்."

சந்திரசேகரன் சகுந்தலாவின் காலடியில் உட்கார்ந்திருந்தார். அந்த நேரத்தில் அவர் புருஷனாக யோசித்தாரா, செயலாளராக யோசித்தாரா என்று கேட்டால், செயலாளராகத்தான் யோசித்தார். இதை மூடி மறைக்க ஒன்றுமில்லை. இவளுக்கு இனி எதுவும் தெரியப்போவதில்லை. அந்தக் கற்கள் போனால் போனதுதான். ரோஸ்லினின் பையன் இன்னும் எத்தனை வருஷம் மூச்சு விட வேண்டும். இத்தனை பேரிடம் பேசிய பேச்சு என்ன ஆவது? எல்லாமே நியாயமாகப் பட்டது. நியாயமாகப் பட்டதுதான் வினை. இத்தனை நியாயம் ஒரு பக்கம் சேர்ந்துகொண்டால், செத்துப்போனவள் தனியாக என்ன வாதாட முடியும்?

"ஏரிக்கரைக்கே போவலாம்" என்றார்.

அனுபமா சமையல்கட்டு வாசலில் நின்றுவிட்டாள். "அப்பா, நோ. நீங்க சத்தியம் பண்ணீங்க. நான் அங்கதான் இருந்தேன்."

"அவளுக்குத் தெரியப் போவுதாம்மா?"

"எனக்குத் தெரியும்ல?"

வந்த வண்டியைத் திருப்பி அனுப்பினார்கள்.

அரிச்சந்திரன் கல்லில் பாடையை இறக்கித் திருப்பினார்கள். தண்ணீர்க் குடத்தைத் தோளில் வைத்துச் சுற்றிவந்து உடைத்தது சந்திரசேகரனே. கொள்ளி வைக்கச் சிதை இல்லாததால், நெஞ்சின்மேல் கற்பூரத்தை ஏற்றிவைத்தார். மாதவ் இரும்புத் தட்டை மெதுவாக உள்ளே தள்ளினான். அனுபமா அதற்கு முன்பே வெளியே போய்விட்டாள். உலையின் உள்ளே கறுப்புச் செங்கல். அகலம் ஒரு ஆள் அகலம். ஸ்கேன் குழாயிலிருந்து கையை உதறிக்கொண்டு வெளியே வந்தவளின் முகம் அவருக்கு அப்போது ஞாபகம் வந்தது. அதற்கு முன் வந்திருக்க வேண்டும்.

"மாதவ், கதவக் கொஞ்சம் தெறந்தே வை."

"சார்?"

"ஒரு சாண் தெறந்து வை, போதும்."

"நக்கோ சார், வேணாம். கதவு மூடலேன்னா பர்னர் பத்தாது. அந்த சுவிட்ச் நீங்க போடச் சொன்னதுதான்." மாதவ் மிகவும் பணிவாகத்தான் சொன்னான்.

எல்லாரும் அவரையே பார்த்தார்கள். சந்திரசேகரன் முன்னால் போய், கைப்பிடியைத் தானே பிடித்து, தானே கதவைச் சாத்தினார். வேறு யாரும் சாத்த அவர் விடவில்லை. பச்சை விளக்கு எரிந்தது. பிறகு அந்தக் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு அவர் அழுத அழுகையைப் போலாரம் அதுவரை பார்த்ததில்லை. சூடு ஏறுகிறது என்று தியாகுதான் பிடித்து இழுத்தான்.

புகைபோக்கியிலிருந்து புகையே வரவில்லை. எதிர்க் கட்டடங்களில் ஒரு ஜன்னலும் சாத்தப்படவில்லை. துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் துணி காயப்போட்டார்கள். கீழே ஒருத்தி போய்க்கொண்டிருக்கிறாள் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. அதற்காகத்தானே இத்தனை பாடும்.

மறுநாள் பால் தெளிக்கப் போனார். எலும்பைத் தலையிலிருந்து கால்வரை வரிசையாகப் பொறுக்கி, ஆள் படுத்திருப்பதுபோல அடுக்கி, பாலைத் தெளித்து, பிறகு பானையில் சேர்ப்பது இவர்கள் வழக்கம். எத்தனையோ பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இது தோள், இது முழங்கால் என்று காட்டியவர் அவர். மாதவ் ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தான். எல்லாம் வெள்ளையாக, சுத்தமாக, ஒன்றாகக் கலந்திருந்தது. அவர் விரலால் கிளறிக் கிளறிப் பார்த்தார். ஏறி ஏறித் தேய்ந்த முழங்கால் எது என்று தெரியவில்லை. பாலை மொத்தமாக ஊற்றிவிட்டு எழுந்தார்.

அந்த வாரமே அடுத்த பிணம் வந்தது. அப்புறம் வந்துகொண்டே இருந்தன. சந்திரசேகரன் பெண்டாட்டியையே வைத்துவிட்டார், நமக்கென்ன என்று எல்லாருக்கும் தைரியம் வந்துவிட்டது. பூங்காத் திட்டம் நின்றது. அதிகாரிகள் வந்து படம் எடுத்தார்கள். பழமையையும் காத்து, காற்றையும் காத்த மயானம் என்று மேடையில் பேசினார்கள். கற்களில் இருந்த சிவப்புப் பெயிண்டைச் சுரண்டி, சாய்ந்து கிடந்தவற்றை நிமிர்த்தி வைத்தார்கள். ரோஸ்லின் பழத்தோடு வந்து துக்கம் விசாரித்தாள். "இப்ப ஜன்னல் தொறந்துதான் கெடக்குது சார். அம்மாவுக்காக ஜெபம் பண்ணுனேன்" என்றாள். நல்ல பெண். அவள் போன பிறகு சந்திரசேகரன் வெகுநேரம் அந்தப் பழத்தைத் தொடவில்லை.

சொன்ன சொல்லைக் காப்பாற்றிய மனிதர் என்று போகிற இடமெல்லாம் சொன்னார்கள். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அவர் தாங்கியிருப்பார். இப்போதும் போன் வந்தால் போகிறார், பாடை கட்டுகிறார், சண்டையைத் தீர்க்கிறார். உலைக் கொட்டகையில் கதவு சாத்துகிற நேரத்துக்கு மட்டும் வெளியே ஏதோ வேலை இருப்பதுபோல நழுவிவிடுவார். அதை எல்லாரும் கவனித்திருக்கிறார்கள்.

அனுபமா வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். போன் செய்வாள்; மாத்திரை போட்டீர்களா, சாப்பிட்டீர்களா என்று கேட்பாள். குரலில் கோபம் இருக்காது. கோபம் இருந்தால் தேவலை என்று அவருக்கு இருக்கும். வருஷத் திவசத்துக்குத்தான் வந்தாள். படையல் முடிந்து வந்தவர்கள் போன பிறகு அவருக்கு இலை போட்டுப் பரிமாறினாள்.

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, நெடுநாளாகச் சேர்த்துவைத்திருந்ததைச் சொன்னார். "எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அம்மா போன வழியிலயே என்னையும் அனுப்பிடும்மா."

அனுபமா கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள்.

"அது அம்மா போன வழி இல்லப்பா. நீங்க அனுப்பின வழி."

அவள் குனிந்து அவர் இலையில் ரசத்தை ஊற்றினாள்.

"பட், உங்களுக்கு அதுதான் வேணும்னா, செய்யறேன்" என்றாள். "கேட்டுட்டீங்க இல்ல, கண்டிப்பா செய்வேன்பா."